குறைமாதப் பிள்ளையின் கண்: லேசர் முடிந்த பிறகு

என் தங்கச்சியின் மகன் 29 கிழமையில் பிறந்தவன். நிறை 1,150 கிராம். கடையில் வாங்கும் ஒரு கிலோ சீனிப் பையைவிட ஒள்ளுப்பம் கூட, அவ்வளவுதான். மட்டக்களப்பில் பி.பி.யூ. என்று எல்லாரும் சொல்லும் குறைமாதப் பிள்ளைகளின் அறைக்கு வெளியே, வாங்கில் இருந்து நாங்கள் கேட்டதெல்லாம் மூச்சைப் பற்றியும் பாலைப் பற்றியும்தான். எத்தனை மில்லி குடித்தான், எத்தனை கிராம் ஏறினான், குழாயை எடுத்தாச்சா. கண்ணைப் பற்றி நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நான்காம் கிழமையில் டொக்டர் "கண்ணைப் பார்க்க வேணும்" என்றபோது, "கண்ணுக்கு என்ன, நல்லா முழிச்சுப் பார்க்கிறானே" என்றாள் தங்கச்சி.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிறான். அந்தக் கண்களோடு ஒன்பது வருடம் பழகிவிட்டோம். குறைமாத விழித்திரை நோய் என்ற பெயரை இன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படும் ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற ஆசிரியை. ஆகவே வைத்தியம் எப்படிச் செய்வது என்பதைவிட, வைத்தியம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளை வீட்டிலும் வகுப்பிலும் எப்படி வாழ்கிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் துருசு என்கிற மதகு வழியாக வந்து, வாய்க்காலில் ஓடி, கடைசி வயல் வரை போக வேண்டும் அல்லவா? கண்ணின் பின்சுவரில் மெல்லிய தாள்போல ஒட்டியிருக்கும் விழித்திரைதான் வயல். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடம் துருசு. இரத்தக் குழாய்கள் வாய்க்கால்கள். கர்ப்பத்தின் 16ஆம் கிழமை அளவில் துருசடியிலிருந்து வாய்க்கால் வெட்டத் தொடங்குகிறது. மூக்குப் பக்கத்து எல்லை கிட்ட என்பதால் 36 கிழமையளவில் அங்கே போய்ச் சேரும். காதுப் பக்கத்து எல்லை தூரம், அதற்கு ஏறக்குறைய 40 கிழமை ஆகும். அதாவது மாதம் நிறைந்து பிறக்கிற பிள்ளைக்கு வாய்க்கால் வேலை அநேகமாக முடிந்திருக்கும். 29 கிழமையில் பிறக்கிற பிள்ளைக்குக் கடைசி வயல்களுக்கு வாய்க்காலே இல்லை.

கருப்பைக்குள் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு, அந்தக் குறைவுக்கு ஏற்றபடிதான் குழாய்கள் வளர்கின்றன. வெளியே வந்தால் வெறும் காற்றில் இருப்பதே அந்தக் கண்ணுக்கு அதிகம். அதற்கு மேல் ஒட்சிசன் குழாயும் வைக்க வேண்டி வரும். "தண்ணீர் போதும்" என்று நினைத்து, வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சில கிழமைகள் கழிகின்றன. விழித்திரை முதிர்கிறது, அதன் பசி கூடுகிறது. வாய்க்கால் இல்லாத கடைசி வயல்கள் தாகத்தில் கூப்பிடத் தொடங்குகின்றன. இந்தக் கூப்பாடு ஒரு இரசாயனம். வைத்தியர்கள் வி.ஈ.ஜி.எஃப். என்பார்கள். அந்தக் குரலுக்கு அவசரமாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் ஒழுங்காக இல்லை. தண்ணீர் ஒழுங்கைப் பார்க்கிற வட்டவிதானை இல்லாத வட்டையில் ஆளாளுக்கு வரம்பை வெட்டினது போல, விழித்திரையின் மேல் படர வேண்டிய குழாய்கள் கண்ணின் நடுவிலுள்ள பசை போன்ற பகுதிக்குள் ஏறுகின்றன. பலமில்லாத குழாய்கள் அவை. கசியும், இரத்தம் வடியும், தழும்பாகிச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுக்கும்.

இதுதான் குறைமாத விழித்திரை நோய். கிளினிக்கில் ஆர்.ஓ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஐந்து கட்டம். முதல் இரண்டு கட்டத்தில் நிற்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே அடங்கிவிடும். மூன்றாம் கட்டத்தில் குழாய்கள் தடித்து முறுகினால் வைத்தியம் தேவை. நான்கில் விழித்திரை ஒரு பகுதி கழன்றுவிடுகிறது, ஐந்தில் முழுவதும். வைத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானால் 2 அல்லது 3 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். இந்தக் கெதி ஏன் என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. வைத்தியத்துக்குப் போக வேண்டிய கொழும்பு, மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். "வெள்ளிக்கிழமை கழிஞ்சு போவமே" என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. தங்கச்சியின் மாமியார்தான், "பிள்ளையின்ட கண்ணுக்கு வெள்ளி செவ்வாய் என்ன கா?" என்று சொல்லி அந்தப் பேச்சை நிறுத்தினா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றும் அவவைக் கும்பிடுகிறேன்.

நாளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணை முதன்முதலாகச் சோதிக்க வேண்டிய காலம் பிறந்து ஏறக்குறைய நான்காம் கிழமை. எங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழிவு. முஸ்லிம் வீடுகளில் நாற்பது பார்ப்பார்கள். பிள்ளை தேறி முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டால், துடக்குக் கழியாமல் வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று பெரியவர்கள் மறிப்பது இந்த நாட்களில்தான். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோய் அந்த நாட்களுக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. கண் சிவக்காது, பீளை வராது, பிள்ளை அழாது. கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது மிகவும் பிந்திய அடையாளம். கண்மணியை விரிக்க மருந்து விட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கண் வைத்தியர் உள்ளே பார்த்தால் மட்டுமே தெரியும். இமையைப் பிடித்து வைக்கும் சின்னக் கம்பியைப் பார்க்க எங்களுக்கு நெஞ்சு துடித்தது. சில நிமிடங்கள்தான், பிள்ளை அழுதது, முடிந்தது.

எந்தப் பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 30 கிழமை அல்லது 1,500 கிராம் வரை. இந்தியாவில் 34 கிழமைக்கு அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்தால். எங்கள் பக்கத்து நாடுகளில் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கும் இது வருவதால்தான் இந்த வித்தியாசம். சந்தேகம் இருந்தால் வாய் திறந்து கேளுங்கள்: "என்ட பிள்ளைக்குக் கண் பார்த்தாச்சா, மறுகா எப்ப பார்ப்பீங்க?"

ஒட்சிசன் கொடுத்ததால்தான் கண் போனது என்று குற்றம் சாட்டுவோரைக் கண்டிருக்கிறேன். இந்த நோயை 1942இல் அமெரிக்காவின் பொஸ்ரனில் தியடோர் டெரி முதலில் விவரித்தார். 1951இல் மெல்பேர்னில் கேற் கம்பெல் என்ற பெண் வைத்தியர், தாராளமாகக் கொடுத்த ஒட்சிசனுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1950இல் ஆறு கிழமை முந்திப் பிறந்த பாடகர் ஸ்ரீவி வொண்டர் பார்வை இழந்ததும் இந்த நோயால்தான். அதன்பின் ஒட்சிசனைக் கடுமையாகக் குறைத்தார்கள். குருடு குறைந்தது, ஆனால் பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே இன்று அளந்து கொடுக்கிறார்கள். இரத்தத்தில் 91 முதல் 95 சதவீதத்துக்குள் நிறுத்தி வைப்பதே பல இடங்களில் இலக்கு. அந்த வாயு இல்லாவிட்டால் எங்கள் பிள்ளை இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தாயா, பாரம் தூக்கினாயா என்று தாயைக் குடைவதும் வேண்டாம். எத்தனை கிழமையில் பிறந்தது, எவ்வளவு நிறை, எவ்வளவு வருத்தம் பட்டது என்பவற்றில்தான் இந்த நோயின் வேர் இருக்கிறது.

மகனுக்கு இரண்டு கண்ணுக்கும் லேசர் போட்டார்கள். லேசர் என்ன செய்கிறது தெரியுமா? வாய்க்கால் போகாத கடைசி வயல்களைச் சுட்டுத் தரிசாக்குகிறது. அவை இனித் தண்ணீர் கேட்காது, கூப்பாடு நிற்கும், நடுவிலுள்ள நல்ல வயல் தப்பும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் வைத்தியம் இது. இன்னொரு வழி, அந்த இரசாயனக் குரலையே அடக்கும் ஊசி. ஓரத்தைச் சுடாது, பின்னாளில் குறும்பார்வையும் ஓரளவு குறைவாக இருக்கும். ஆனால் மருந்தின் பலன் இறங்கிய பிறகு நோய் மறுபடி தலைதூக்கலாம், அதுவும் பல கிழமைகள் கழித்து. ஊசி போட்ட பிள்ளையின் கிளினிக் நாளை ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான்.

லேசருக்குப் பிறகு "நோய் அடங்கிவிட்டது" என்றார்கள். நாங்கள் கேட்டது "கண் சுகம்" என்று. இரண்டும் ஒன்றல்ல என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு வயதுக்கு வரச் சொன்ன கிளினிக்குக்கு நாங்கள் போகவில்லை. பெருமழை, தங்கச்சிக்கு வேலை, பிள்ளை நல்லாத்தானே விளையாடுகிறான். இரண்டு வயது தாண்டித்தான் கொண்டுபோனோம். அதற்குள் இடது கண் உள்ளே சாய்ந்திருந்தது. "வாக்குக் கண் அதிர்ஷ்டம்" என்று அம்மா சொன்னா, நாங்களும் நம்பிக்கொண்டு இருந்தோம்.

சோதித்தபோது வலது கண்ணுக்கு மைனஸ் மூன்று, இடதுக்கு மைனஸ் ஏழு. இது குறும்பார்வை, கிட்ட உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும். மற்றப் பிள்ளைகளுக்குக் குறும்பார்வை வருவது பெரும்பாலும் கண் நீண்டு வளர்வதால். குறைமாதப் பிள்ளையின் கதை வேறு. கண்ணின் முன்பக்கம் சரியாக விரிந்து வளரவில்லை. முன்னாலுள்ள கண்ணாடி போன்ற படலம் கூடுதலாக வளைந்திருக்கும், உள்ளே வில்லை தடித்திருக்கும். நோய் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவு குறும்பார்வை கூடும் சாத்தியம். ஆகவே, "சின்னப் பிள்ளைக்கு ஏன் கண்ணாடி, வளர வளர மாறும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

இரண்டு கண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதில் இன்னொரு கெடுதி உண்டு. மூளை தெளிவான படத்தை அனுப்பும் கண்ணையே நம்பும், மங்கலான கண்ணின் படத்தைத் தள்ளிவைத்துவிடும். காலப்போக்கில் அந்தக் கண்ணோடு பேசவே மறந்துவிடும். இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். கண் உருப்படி நல்லாயிருந்தும், பிந்திப் போய்க் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாக வராது. ஏழு வயதுக்குள் பிடித்தால் திருத்த நல்ல வாய்ப்பு. எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. நல்ல கண்ணை ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் மூடி வைக்கச் சொன்னார் டொக்டர். மூடினால் பிள்ளை பிய்த்து எறியும். தங்கச்சி அந்த இரண்டு மணித்தியாலத்தை முறுக்குத் தின்னும் நேரமாக்கினாள். முறுக்கு வேண்டுமென்றால் கண் மூட வேண்டும். பல மாதம் இப்படி. இன்று இடது கண்ணால் தனியே பலகையில் பெரிய எழுத்தை வாசிக்கிறான். ஒரு வயதிலேயே போயிருந்தால் சின்ன எழுத்தையும் வாசித்திருப்பானோ என்ற நினைவு எனக்கு இன்னும் போகவில்லை.

வாக்குக் கண்ணைப் பற்றி ஒரு நுணுக்கம். சில பிள்ளைகளுக்குத் தழும்பு இழுத்த இழுவையில் விழித்திரையின் மையப் புள்ளியே இடம் விலகியிருக்கும். அப்போது கண் நேராகப் பார்த்தாலும் சாய்ந்திருப்பது போலத் தெரியும். வீட்டில் இருந்து பார்த்து இதையும் உண்மையான வாக்குக் கண்ணையும் பிரித்துச் சொல்ல முடியாது.

நோயே வராத குறைமாதப் பிள்ளையும் தப்பிவிட்டது என்று இருக்க முடியாது. அதே வாங்கில் எங்களோடு இருந்த காத்தான்குடி உம்மா ஒருவரின் மகளுக்கு எல்லாச் சோதனையிலும் "நோய் இல்லை" என்றுதான் வந்தது. மூன்று வயதில் அந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கண், கண்ணாடி. முந்திப் பிறந்ததே அதற்குப் போதும். ஆகவே குறைமாதத்தில் பிறந்த பிள்ளை எதுவானாலும் ஒரு வயதளவில் ஒருமுறை, பள்ளிக்கூடம் சேர்க்கும் முன் ஒருமுறை கண் வைத்தியரிடம் காட்டுங்கள். வைத்தியம் செய்த பிள்ளை என்றால் வருடா வருடம்.

இனி ஓரத்துப் பார்வை. லேசர் சுட்ட இடத்தில் பார்வை இல்லை. பெரும்பாலும் கொஞ்சம்தான் குறையும், அன்றாட வாழ்க்கைக்குத் தடையாகாது, ஆனால் விளையாட்டில் தெரியும். கல்லடிக் கடற்கரையில் பக்கத்திலிருந்து வந்த பந்து மகனின் கன்னத்தில் பட்டபோது, "முழிச்சுப் பார்த்து விளையாடு" என்று அவனை ஏசியது நான்தான். அவன் கவனமில்லாமல் இருக்கவில்லை. அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியவே இல்லை. இப்போது வகுப்பில் முன்வரிசையில், பலகையின் நடுவுக்கு நேரே இருக்கிறான். வெண்கட்டி எழுத்து நன்றாகக் கறுத்த பலகையில்தான் தெரிகிறது, தேய்ந்து சாம்பல் நிறமான பலகையில் தெரியாது. முன்வரிசை இடமும் கறுத்த பலகையும் எல்லா ஆசிரியர்களும் உடனே செய்யக்கூடிய உதவி. மங்கலான நிறங்களைப் பிரித்தறிவது இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கடினம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு பிள்ளை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் இருந்தாள், குறைமாதத்தில் பிறந்தவள். கண் சோதித்தால் எழுத்தெல்லாம் வாசிப்பாள். ஆனால் படி இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்குவாள். பென்சில் பெட்டிக்குள் சிவப்புப் பென்சிலைத் தேடச் சொன்னால் முழித்துக்கொண்டு நிற்பாள். தனியே மேசையில் வைத்தால் உடனே எடுப்பாள். பரிசளிப்பு விழாக் கூட்டத்தில் தாயைக் கண்டுபிடிக்க முடியாமல் அழுதாள். பிடிவாதம் என்றார்கள், மந்தம் என்றார்கள். இரண்டும் இல்லை. சில குறைமாதப் பிள்ளைகளுக்கு மூளையில், பார்வைச் செய்தி போகும் பாதையிலேயே பாதிப்பு இருக்கும். கண் பார்க்கிறது, மூளை அதைப் பிரித்து அடுக்கத் தடுமாறுகிறது. பார்வையின் கீழ்ப்பாதி குறைவதும் இதில் அடிக்கடி நடக்கும். அவள் படிக்கட்டில் தடவியதற்குக் காரணம் அதுதான். கண்ணாடியால் இது தீராது. ஒரு பக்கத்தில் ஒரே கணக்கு, மேசையில் ஒரே புத்தகம், படியின் விளிம்பில் மஞ்சள் கோடு, கூட்டத்தில் தாய் எந்த நிறச் சேலை என்று முன்பே சொல்லி வைப்பது. இப்படிச் சின்னச் சின்ன ஒழுங்குகள்தான் உதவும். அவளுக்கு இதைச் செய்யத் தொடங்கிய தவணையிலேயே கொப்பி நிரம்பத் தொடங்கியது.

பார்வை முற்றாகவே போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐந்தாம் கட்டத்தில் சத்திர சிகிச்சை செய்தாலும் திரும்பக் கிடைப்பது மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகளை மடியிலேயே வைத்துக் காப்பதைவிட, தவழும் வயதிலேயே நிலத்தில் விட்டு, சத்தத்தாலும் தொடுகையாலும் வீட்டைப் பழக்குவது நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் பொருளைக் கொடுத்து, என்னென்று சொல்லிக்கொடுங்கள். வெளிச்சம் மட்டும் தெரிந்தாலும் அதுவும் பிள்ளைக்கு ஒரு வழிகாட்டிதான்.

பெரியவர்களானதும் வரக்கூடிய இரண்டு விசயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது தாயும் தகப்பனும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பதின்ம வயதிலோ இருபது முப்பதிலோ, பழைய தழும்பு இழுத்து விழித்திரை கழலலாம். அதில் நோவே இருக்காது. திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதக்கும், மின்னல் வெட்டுவது போலத் தெரியும், அல்லது ஒரு ஓரத்திலிருந்து திரை மூடிக்கொண்டு வரும். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும், அடுத்த நாள் என்று வைக்கக் கூடாது. மற்றது கண் அழுத்த நோய். முன்பக்கம் சிறுத்த கண்ணில் வில்லை தடித்து முன்னே தள்ளினால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேறும் வழி அடைபடும். கண் சிவந்து, தலை இடித்து, சத்தி வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் பீனிசம் என்று ஆவி பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். கண்புரையும் மற்றவர்களைவிட முந்தி வரலாம். இவை எல்லாருக்கும் வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் கண்ணாடியோடு நன்றாகப் படித்து, வேலை செய்து வாழ்கிறார்கள். ஆனால் வந்தால் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் மகனின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தங்கச்சி ஐந்து வரி எழுதி வைத்திருக்கிறாள். பிறந்த கிழமை, பிறந்த நிறை, எந்தக் கண்ணில் எத்தனையாம் கட்டம், லேசர் போட்ட திகதி, கடைசியாகப் போட்ட கண்ணாடியின் அளவு. போன மாதம் அவனே அதைத் தன் கையெழுத்தில் ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொண்டான், பள்ளிக்கூடப் பையின் முன் பையில் வைக்க. இடது, வலது என்பதை மட்டும் மாறி எழுதிவிட்டு, என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு போனான்.